வாசலுக்கு வெளியே நிற்கிறவனின் இசை: பெரியலின் "அன்ட்ரூ"

இரவு நடன விடுதிக்குள் எப்படி இருக்கும் என்று அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு "அன்ட்ரூ" (Untrue) என்ற இந்த இசைத்தொகுப்பு உதவாது. இது உள்ளே போவதே இல்லை. முழுக்க முழுக்க வெளியேதான் நடக்கிறது: ஆட்டம் முடிந்து, கடைசி ரயிலும் போய், மழைக்கு ஒதுங்கிக்கொண்டு இரவு பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்தில். லண்டன் இரவுக்கு எத்தனையோ பேர் இசை போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஆடுகிறவர்கள் பக்கம் நின்று போட்டவை. இதைச் செய்த பெரியல் (Burial) வீடு திரும்புகிறவர்கள் பக்கம் நிற்கிறார். அதனாலேயே, ஒரு விடுதியின் வாசலைக்கூட மிதிக்காத என்னைப் போன்ற ஒருவனுக்கு இது பிடித்துப்போனது.

2007 நவம்பரில் ஹைப்பர்டப் நிறுவனம் வெளியிட்டது. பதின்மூன்று தடங்கள், ஐம்பது நிமிடம். இதற்கு முந்தைய வருடம்தான் பெரியல் தன் பெயரையே தலைப்பாக வைத்து முதல் தொகுப்பைக் கொண்டுவந்திருந்தார். தென் லண்டன்காரர். அட்டைப்படத்தில் தலைமூடிச் சட்டை போட்ட ஒருவன் தலையைக் குனிந்தபடி ஒரு கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பென்சிலால் அவரே வரைந்தது. கடையில் அந்த அட்டையைப் பார்த்திருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன். அக்காவின் மகன் கொண்டுவந்து தந்தான். "மாமா, இது உங்கட கடை வாசலில பதிஞ்ச மாதிரி இருக்கு" என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று விளங்க, அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது தென் லண்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். இரவானதும் கதவைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வியாபாரம் எல்லாம் பக்கத்தில் இருக்கிற தடித்த கண்ணாடி ஜன்னல் வழியாகத்தான். கீழே ஒரு இழுப்பறை. காசு உள்ளே வரும், சிகரெட் வெளியே போகும். பேச்சுக்கு ஒரு சின்ன மைக். அது ஒரு விசித்திரமான கருவி. வெளியே நிற்பவர் சொல்வதில் பாதி உள்ளே வரும், பாதி காற்றிலும் மழையிலும் போய்விடும். சொற்களின் தலையும் வாலும் வெட்டுப்பட்டு நடுத்துண்டு மட்டும் கேட்கும். ஆண் குரல் மெலிந்து பெண் குரல்போல வரும். பெண் குரல் கரகரத்து ஆண் குரலாகும். என்ன வேண்டும் என்பது சில வேளை விளங்காது. ஆனால் அந்த ஆள் அழுதிருக்கிறாரா, சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறாரா, சந்தோஷமாக இருக்கிறாரா என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

"அன்ட்ரூ"வில் பாடுகிற குரல்கள் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. பெரியல் பாடகர்களை அழைத்துவந்து பாட வைக்கவில்லை. ஏற்கெனவே வெளிவந்த, ஆர்அன்ட்பி என்ற அமெரிக்க வெகுசன இசைவகைப் பாடல்களிலிருந்து ஒரு வரி, அரை வரி, சில இடங்களில் ஒரே ஒரு சொல் என்று வெட்டி எடுத்து, சுருதியை ஏற்றியும் இறக்கியும், வேறு வரிசையில் ஒட்டியிருக்கிறார். இரண்டாவது தடமான "ஆர்க்ஏஞ்சல்" இதற்கு நல்ல உதாரணம். அதில் வருவது ரே ஜே என்ற அமெரிக்கப் பாடகர் 2005இல் பாடிய "ஒன் விஷ்" பாட்டின் குரல். மூலப் பாட்டு, பிரிந்துபோன காதலிக்காக ஏங்கும் வழக்கமான மெலடி; வானொலியில் வந்தால் நிலையத்தை மாற்றாமல் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தக் குரலை பெரியல் பிய்த்துப் போட்ட பிறகு பாடுவது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. யாரை நினைத்து, எதற்காக என்பதெல்லாம் கழன்றுவிட்டது. ஏக்கம் மட்டும் மிச்சம். பின்னால் ஓடுகிற தந்தி இசை "மெட்டல் கியர் சாலிட் 2" என்ற வீடியோ கேமிலிருந்து எடுத்தது என்பது பிறகுதான் தெரிந்தது. பையன்கள் விளையாடுகிற கேமிலிருந்தும் வானொலி மெலடியிலிருந்தும் இப்படி ஒன்றை ஒருவர் செய்துவிட முடியும் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அடுத்தது தாளம். இந்த இசைக்கு டப்ஸ்டெப் என்று பெயர் சொல்வார்கள். தென் லண்டனின் குரொய்டன் பக்கத்துப் பையன்கள் தொடங்கியது. லண்டனுக்குள் பிரிக்ஸ்டனிலும் ஷோர்டிச்சிலும் அதற்கென்றே ஆட்ட இரவுகள் நடந்தன. ஆனால் பெரியலின் கை உண்மையில் அதற்கு முந்திய, கராஜ் என்ற நடன இசையின் டூ-ஸ்டெப் தாளத்தில்தான் இருக்கிறது. சாதாரண நடன இசையில் பெரிய டிரம் ஒவ்வொரு அடிக்கும் தவறாமல் விழும். குடித்தவனும் காலை மாற்றாமல் ஆடலாம். டூ-ஸ்டெப்பில் அந்த அடிகளில் சிலவற்றை எடுத்துவிடுவார்கள். விழ வேண்டிய இடத்தில் விழாமல், கொஞ்சம் தள்ளி விழும். இடையில் சின்னச் சத்தங்கள் நொண்டிக்கொண்டு ஓடும்.

பெரியல் இதை இன்னும் குலைத்திருக்கிறார். வழக்கமாக இப்படிப்பட்ட இசையைச் செய்கிறவர்கள் சீக்வென்சர் என்ற மென்பொருளில் கட்டம் கட்டமாக அடிகளை வைப்பார்கள். கணினி அவற்றை நேர்கோட்டில் நிறுத்திவிடும். இவர் சவுண்ட் ஃபோர்ஜ் என்ற, ஒலியை வெட்டி ஒட்டுகிற சாதாரண மென்பொருளில், திரையில் தெரியும் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அடியையும் கையால் வைத்ததாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கட்டமும் இல்லை, சீரான அளவுக்குத் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமும் இல்லை. அதனால் எந்த இரண்டு அடிகளும் ஒன்றுபோல இல்லை.

என் மகள் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் மிருதங்கம் பழகுகிறாள். ஒருநாள் காரில் இந்த இறுவட்டு ஓடிக்கொண்டிருந்தபோது பின் இருக்கையிலிருந்து தொடையில் தட்டத் தொடங்கினாள். "நியர் டார்க்" என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நிறுத்தினாள். "அப்பா, இவருக்குத் தாளம் பிழைக்குது" என்றாள். பிறகு மறுபடி தட்டினாள், மறுபடி நிறுத்தினாள். "இல்லை, பிழைக்கேல்லை. பிந்தி வருது. ஆனா ஒவ்வொரு முறையும் ஒரே அளவாப் பிந்தேல்லை." ஆசிரியர் சொல்லிக்கொடுத்த அனாகத எடுப்பு அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்: தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவது. அதில் எவ்வளவு பிந்த வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. இதில் கணக்கு இல்லை. ஆனால் தடுமாற்றமும் இல்லை. களைத்துப்போன ஒருவரின் நடை எப்படிச் சீராக இல்லாமலும் விழுந்துவிடாமலும் இருக்குமோ அப்படி. டிரம் ஒலிகளும் வழக்கமான டிரம் ஒலிகள் அல்ல. சாவிக்கொத்து மேசையில் விழுவதுபோல, லைட்டரைத் தட்டுவதுபோல, தோட்டாக் கூடு தரையில் உருளுவதுபோல.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு இரைச்சல் படர்ந்திருக்கிறது. பழைய இசைத்தட்டில் ஊசி ஓடும்போது வருகிற கரகரப்பு, அதோடு மழை. எது கரகரப்பு, எது மழை என்று பிரிக்க முடியாத அளவுக்குக் கலந்திருக்கும். முதல் முறை கேட்டபோது என் பிளேயர்தான் பழுதாகிவிட்டது என்று இறுவட்டை எடுத்துத் துடைத்தேன். நண்பர்கள் சிலர் இதை வெறும் ஸ்டைல் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தத் தடங்களில் வெறுமை நிறைய. குரல் நின்றதும் அடுத்த குரல் வர நேரமாகும். அந்த இடைவெளியில் இரைச்சல் இல்லாவிட்டால் வெறும் மௌனம் இருக்கும். நகரத்தில் மௌனம் என்று ஒன்று கிடையாது. சாமம் மூன்று மணிக்கும் எங்கேயோ ஒரு குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருக்கும்.

தடங்களைத் தனித்தனியாக எடுத்தால் எல்லாம் ஒரே தரம் இல்லை. "ஆர்க்ஏஞ்சல்", "கோஸ்ட் ஹார்ட்வேர்", "ஷெல் ஆஃப் லைட்" மூன்றும் உச்சம். "ஷெல் ஆஃப் லைட்"டின் கடைசிப் பகுதியில் தாளம் கழன்றுபோய் மெல்லிய இசை மட்டும் மிதக்கிற இடம் வரும்போது எதையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கத் தோன்றும். "ஹோம்லெஸ்" ஓரளவுக்கு அதே வழியில் போகிறது. நல்லதுதான், ஆனால் அதற்குள் அந்த உத்தி நமக்குப் பழகிவிட்டிருக்கும். "எட்ச்ட் ஹெட்பிளேட்" எனக்கு ஒட்டவே இல்லை. தலைப்புத் தடமும் அவ்வளவாக மனதில் நிற்கவில்லை.

நான் அதிகம் திரும்பிப் போவது தாளமே இல்லாத சின்னத் துண்டுகளுக்கு. "என்டோர்ஃபின்", "இன் மெக்டொனால்ட்ஸ்", "டாக் ஷெல்டர்", "யுகே." இவற்றைப் பெரிய தடங்களுக்கு இடையே நிரப்பி வைத்தவை என்று எண்ணித் தாண்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தாண்ட வேண்டாம். "இன் மெக்டொனால்ட்ஸ்" இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு குரல் வருகிறது, தயங்குகிறது, மறுபடி வருகிறது. தலைப்பைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். ஆனால் விடுதிகள் மூடிய பிறகு லண்டனில் வெளிச்சமும் சூடும் உள்ள, யாரும் எழுப்பி அனுப்பாத இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். ஜோடிகள் சமாதானம் ஆவதும் அங்கேதான், பிரிவதும் அங்கேதான். கோவில் மாதிரி ஒலிக்கிற இசைக்கு அந்தத் தலைப்பை வைத்ததில் கேலி எதுவும் இல்லை. அந்த மனிதர் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

இது வெளிவந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது இரவு முழுக்க ஓடுகிற பாதாள ரயில் கிடையாது. அது 2016இல்தான் வந்தது. மையத்திலிருந்து எங்கள் பக்கம் வர வேண்டுமென்றால் என்155 பஸ்தான். ஆல்ட்விச்சில் ஏறினால் கிளாப்பம், பாலம், டூட்டிங் என்று இறக்கிக்கொண்டே வந்து மோர்டனில் முடியும். தொகுப்பு வெளிவருவதற்கு நான்கு மாதம் முன்பு, 2007 ஜூலை 1இல், இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகு விடுதி வாசல் எல்லாம் புகைக்க வந்து நிற்கிறவர்கள்தான். கதவு திறக்கும்போது உள்ளேயிருந்து இசை பெரிதாக வரும், மூடினால் சுவருக்குப் பின்னால் இடி இடிப்பதுபோல அடிச்சத்தம் மட்டும் கேட்கும். இந்தத் தொகுப்பில் பல இடங்களில் பேஸ் என்கிற தாழ்ந்த அடிநாதம் அப்படித்தான் ஒலிக்கிறது, பக்கத்து அறையில் நடப்பதுபோல.

பெரியலும் உள்ளே இருந்தவர் இல்லை என்பதுதான் விஷயம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பிரிட்டனில் ரேவ் என்று பெரிய இரவுக் கொண்டாட்டங்கள் நடந்தன. வயல்வெளிகளிலும் கைவிடப்பட்ட கிடங்குகளிலும் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். 1994இல் அதற்கெதிராகவே ஒரு சட்டம் வந்தது. திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த விழாக்களுக்குப் போகிற வயது பெரியலுக்கு இல்லை. அண்ணன்மார் வீட்டுக்குக் கொண்டுவந்த கசெட்டுகளும் அவர்கள் சொன்ன கதைகளும்தான் அவருக்குக் கிடைத்தன. தான் போகாத ஒரு கொண்டாட்டத்துக்காக ஏங்குகிறார். இங்கே பிறந்து, ஊரைக் கண்ணால் காணாமல், எங்கள் வாயால் கேட்டே ஊருக்காக ஏங்குகிற பிள்ளைகளை வைத்திருக்கிற எங்களுக்கு இது நன்றாகவே விளங்கும். போனவனின் ஏக்கத்தைவிடப் போகாதவனின் ஏக்கம் சுத்தமாக இருக்கும். அவனுக்கு அங்கே இருந்த சேறும் நுளம்பும் தெரியாது அல்லவா.

கடைசித் தடம் "ரேவர்." தலைப்பே சொல்கிறது. மற்றத் தடங்களைவிட இதில் தாளம் நேராகப் போகிறது, ஆடலாம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் மேலே படர்ந்திருக்கிற குரல்கள் ஆட விடுவதில்லை.

ஆள் யார் என்ற கூத்தையும் சொல்லிவிடலாம். தொகுப்பு வந்தபோது பெரியலின் நிஜப்பெயர் பெரும்பாலோருக்குத் தெரியாது. மேடையில் வாசித்ததில்லை, படமும் இல்லை. 2008இல் பிரிட்டனின் மெர்க்குரி இசை விருதுக்கான பட்டியலில் இடம்பிடித்ததும், அங்குள்ள சன் பத்திரிகை இவர் யார் என்று கண்டுபிடிக்கக் கிளம்பியது. கடைசியில் ஆகஸ்டில் அவரே மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தன் பெயர் வில் பெவன் என்று எழுதி ஒரு படத்தையும் போட்டார். விருது எல்போ இசைக்குழுவுக்குப் போனது. எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் முகம் தெரியாமல் கேட்டது இந்த இசைக்கு நல்லதாகவே அமைந்தது என்பேன். பாடுகிறவர் யார் என்று தெரியாத பாட்டு, போட்டவர் யார் என்றும் தெரியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவு கரடுமுரடானது, துல்லியமான ஒலி வேண்டும் என்று பெரிய செலவில் ஸ்பீக்கர் வாங்கி வைத்திருக்கிறவர்கள் எரிச்சல்படுவார்கள். ஐம்பது நிமிடமும் ஒரே நிறம். மெட்டு என்று முணுமுணுக்க அதிகம் கிடையாது. நடுப்பகுதியில் ஒரு தடம் முடிந்து அடுத்தது தொடங்கியதே தெரியாமல் போகும். சிலருக்கு அது சுகம். என் மனைவிக்கு அது தண்டனை. "செத்த வீட்டில யாரோ ரேடியோவை நிப்பாட்ட மறந்திட்டினம்" என்பது அவளுடைய விமர்சனம். நான் மறுக்கவில்லை.

எதில் கேட்பது என்பது இங்கே முக்கியம். கைபேசியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் முழுதும் காணாமல் போய், கரகரப்பும் கீச்சுக் குரலும் மட்டும் மிஞ்சும்; அப்படிக் கேட்டுவிட்டு இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சுமாரான ஹெட்ஃபோன் போதும். அதைவிட நல்லது கார். பெரியலே தடங்களை முடித்துவிட்டு இரவில் காரில் போட்டுக்கொண்டு தென் லண்டனைச் சுற்றிப் பார்த்துத்தான் சரியா பிழையா என்று முடிவு செய்வாராம். பகலில் கேட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதல் தொகுப்பைத் தள்ளி வைத்துவிட்டு இதையே முதலில் எடுங்கள். அது இதைவிட இருண்டது, குரல்கள் குறைவு. இது பிடித்துப்போனால் அடுத்து 2012இல் வந்த "கின்ட்ரெட்" பக்கம் போகலாம். அதில் தடங்கள் நீளம். ஒரே தடத்துக்குள் பாதை பல முறை மாறும். இன்னொன்று, எங்கள் ஆட்களுக்காக: சாமத்திய வீட்டு டிஜே தம்பி ஒருவர் இதை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் போடலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் தம்பி. சனம் சாப்பிடாமலே கோட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும்.